செம்பு சூடேறாத அடுப்பு

விஷ்ராந்த்வாடி, புனே
4.2.2007

அன்புள்ள ஜன்னத்துல் பிர்தௌஸ் லாத்தாவுக்கு, தம்பி யூசுஃப் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

மகள் ஷஃபானாவுக்காக வாங்கிய ஹடப்சர் ஃபிளாட்டில் கேஸ் அடுப்பு வைக்கவில்லை. சமையல் மேடைக் கல்லிலேயே பதிக்கிற இண்டக்ஷன் அடுப்பு வைக்க முடிவு செய்து, கல் வெட்டுகிறவனுக்கு அளவும் கொடுத்துவிட்டேன். மாப்பிள்ளையின் தாயாருக்கு முதலில் தெரிவிப்பது முறை. தெரிவித்துவிட்டேன்.

இங்கே நாங்கள் சுகம். உங்கள் முட்டுவலி எப்படி இருக்கிறதோ, நீங்கள் எழுதுவதில்லை.

போன ஞாயிறு ஆஷிக் சாப்பிட வந்தான். என் மருமகனாகப் போகிறவன் என்பதற்காகச் சொல்லவில்லை, உங்கள் வயிற்றில் இப்படி ஒரு சாது எப்படிப் பிறந்தான் என்று வீட்டில் மைமூனிடம் கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டே, "கல்யாணத்துக்கு அப்புறம் உம்மா இங்கதான் மாமா. செம்புத் தேக்சா எல்லாத்துக்கும் ஈயம் பூசக் குடுத்திருக்காங்க. இனி அடுப்பங்கரை அவங்க பொறுப்பாம்" என்றான். அதனால்தான் இந்தக் கடிதம் அவசரமானது.

ஊர் வழக்கத்தை நான் மீறவில்லை. பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வர வேண்டும். வாப்பா உங்களுக்கு அதிராம்பட்டினத்து வீட்டைக் கொடுத்தார். நான் என் மகளுக்கு இதைக் கொடுக்கிறேன். நோன்புப் பெருநாள் கழித்து நிக்காஹ் என்று பேசியதிலும் மாற்றமில்லை.

இனி அடுப்பு. இதில் தீ கிடையாது. மேலே கறுப்புக் கண்ணாடி, அடியில் செம்புக் கம்பிச் சுருள். அடியில் இருப்பது செம்பு என்றாலும் மேலே வைக்கிற செம்பை அது சீண்டாது. காந்தம் ஒட்டுகிற பாத்திரம் மட்டும்தான் சூடாகும். இரும்பு ஆகும். எவர்சில்வரில் சில ஆகும். செம்பு, பித்தளை, அலுமினியம், மண்சட்டி எதுவும் ஆகாது. வைத்தால் பீப் பீப் என்று கத்திவிட்டுத் தானே அணைந்துவிடும். ஆகவே ஈயம் பூசுகிற செலவை நிறுத்துங்கள்.

போனில் சொல்லியிருக்கலாம். போனில் உங்கள் குரலைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும், பேனா பிடித்தால் நிதானம் வரும். பத்தொன்பது வருஷமாக நமக்குள் கடிதம்தான். அதுவே இருக்கட்டும்.

உங்கள் மகள் சபீராவுக்கும் பிள்ளைகளுக்கும் என் துஆ.

யூசுஃப்


அதிராம்பட்டினம்
21.2.2007

தம்பி யூசுஃபுக்கு லாத்தா எழுதிக்கொண்டது. வ அலைக்கும் ஸலாம். அல்லாஹ் கிருபையால நான் இருக்கேன். முட்டுவலி இருக்கு, அது எங்கேயும் போகல.

அடுப்பைப் பத்தி எழுதியிருந்தே. வீடு உன் மகளுக்கு, அடுப்பும் உன் மகளுக்கு. இதுல நான் சொல்ல என்ன இருக்கு. ஆனா ஒரு வார்த்தை. ஆஷிக்குக்குச் சின்னதுலேருந்து தேக்சாவுல தம் போட்ட நெய்ச்சோறுதான் எறங்கும். ஆபீஸ் கேன்டீன்ல காஞ்ச சப்பாத்தியைத் தின்னுட்டு அவன் எளைச்சுப் போய்க் கெடக்கான். ஒரு ஓரமா ஒத்தைப் பர்னர் கேஸ் வச்சா உன் கண்ணாடி அடுப்புக்கு மரியாதை கொறைஞ்சிடுமா?

உன் மச்சான் மௌத்தாகிப் போனதுக்கு அப்புறம் எனக்கு இங்க பெருசா வேலை இல்ல. வீட்டைச் சபீரா பேருக்கு அவ கல்யாணத்துலயே எழுதியாச்சு. அவ மாப்பிள்ளை துபாயிலேருந்து மொத்தமா வந்துட்டாரு. அடுப்பங்கரைக்கு டைல்ஸ் போட்டிருக்காரு. வெள்ளைவெளேர்னு ஆஸ்பத்திரி கணக்கா இருக்கு. நான் மகனோட போய் இருக்கணும்னு நினைக்கிறேன். ஒரு தாய் நினைக்கக் கூடாதா?

மைமூனுக்கு ஸலாம் சொல்லு. அவ உன்னை மாதிரி இல்ல, பொறுமைக்காரி.

உன் லாத்தா
ஜன்னத்துல் பிர்தௌஸ்


விஷ்ராந்த்வாடி, புனே
5.3.2007

லாத்தாவுக்கு ஸலாம். கடிதம் கிடைத்தது. முட்டுக்கு இங்கே ஒரு தைலம் கிடைக்கிறது, ஆஷிக் ஊருக்கு வரும்போது கொடுத்தனுப்புகிறேன். தைலத்தில் எனக்குப் பகை இல்லை.

ஒத்தைப் பர்னர் கேட்டிருக்கிறீர்கள். என் தொழில் இது என்பதால் விவரமாகச் சொல்கிறேன். பதிக்கிற அடுப்பில் இரண்டு வட்டம் உள்ளது உண்டு, நாலு வட்டம் உள்ளது உண்டு. மூன்றாவதாகக் கலப்பு மாடல் ஒன்றும் உண்டு: ஒரே கண்ணாடியில் இரண்டு இண்டக்ஷன், இரண்டு கேஸ். மாமியார் இருக்கிற வீட்டு மருமகளிடம் நானே, "பாபி, இதை எடுங்க, வீட்டுல சத்தம் வராது" என்று சொல்லி விற்பேன். விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. அது என் கோடவுனிலேயே ஒன்று கிடக்கிறது.

என் மகள் வீட்டுக்கு அதை எடுக்கவில்லை. நாலு வட்டமும் இண்டக்ஷன்.

ஏன் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். நான் சொல்கிறேன். மைமூனின் வாப்பாவுக்கு வீடு கொடுக்க வசதியில்லை. அதனால் நான் அவளை நம் வீட்டுக்கு, அதாவது உங்கள் வீட்டுக்கு, கூட்டிவந்தேன். நீங்கள் அவளை அடுப்பங்கரை நிலைப்படியைத் தாண்டவிடவில்லை. பின்கட்டில், கிணற்றடியில், மூன்று செங்கல். கையில் ஒரு இரும்புச் சட்டி, ஒரு இரும்புத் தோசைக்கல். உள்ளே உங்களுக்குக் கேஸ், செம்பு, பித்தளை. ஷஃபானா வயிற்றில் இருந்தாள். ஐப்பசி மழையில் அவள் ஒரு கையில் தென்னமட்டையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு மறுகையால் சோறு கிளறியதை நான் பார்த்தேன். உங்களிடம் வந்து கேட்டேன். "அடுப்பு கொண்டுவராத பொண்ணுக்கு அடுப்பங்கரை எதுக்கு?" என்றீர்கள். வாய்தவறி வந்த வார்த்தை இல்லை. கையில் அகப்பையை வைத்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னீர்கள்.

கைப்பிள்ளையோடு புனே வந்தோம். கட்கி பஜாரில் சைக்கிளில் உட்கார்ந்து ஸ்டவ் ரிப்பேர் செய்தேன். வாஷர் மாற்றினேன், பின் குத்தினேன். இன்றைக்கு ஆளந்தி ரோட்டில் என் கடை இல்லாமல் புது சொசைட்டி எதிலும் அடுப்பு எரியாது. அடுப்பிலேதான் சம்பாதித்தேன். ஏன் வேறு தொழிலுக்குப் போகவில்லை என்று மைமூன்கூட என்னைக் கேட்டதில்லை.

போன வருஷம் இந்த இண்டக்ஷன் சாமான் கடைக்கு வந்தபோது பாத்திரம் ஒவ்வொன்றாகக் காந்தம் வைத்துப் பார்த்தேன். இரும்புச் சட்டி ஒட்டியது. செம்பு ஒட்டவில்லை. உங்கள் தேக்சாக்கள் என் கண்முன் வரிசையாக வந்து நின்றன. லாத்தா, அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நிக்காஹுக்கு நீங்கள் நல்லபடியாக வந்து, அந்த அடுப்பைப் பார்க்க வேண்டும்.

யூசுஃப்


அதிராம்பட்டினம்
22.4.2007

தம்பிக்கு ஸலாம். பதில் எழுத நாளாச்சு. மிளகா காயப்போட்டது, புளி குத்துனது, வேலை.

பட்டுக்கோட்டைக்குப் போயிருந்தேன். ஒரு காந்தம் வாங்கிக்கிட்டுப் பாத்திரக் கடைக்குப் போய் ஒவ்வொண்ணா ஒட்டிப் பாத்தேன். "என்னம்மா, பேய் ஓட்டவா?"ன்னான் கடைக்காரன். நீ எழுதினது பொய்யில்ல.

இன்னொண்ணும் எழுதியிருந்தே. அதுக்கு என்ன பதில் எழுதறது. வீடில்லாத பொண்ணைக் கட்டிக்கிட்டு வாசல்ல வந்து நின்னே. ஊர்ல ஒருத்தரும் செய்யாத காரியம். அக்கம்பக்கத்துல என்னென்ன கேட்டாங்கன்னு உனக்குத் தெரியாது, நீ கடைத்தெருவுல நின்னே. பின்கட்டுன்னாலும் அதுவும் என் வீடுதான். தெருவுல விடலையே.

உங்க ஊர்லயும் கரண்டு போகுதுன்னு ஆஷிக் சொன்னான். போனா உன் மக புருஷனுக்குப் பட்டினியா?

முத்துப்பேட்டையிலேருந்து ஆஷிக்குக்கு ஒரு இடம் வந்திருக்கு. ரெண்டு மாடி வீடு. கேஸ் அடுப்பு. நான் இன்னும் ஒண்ணும் சொல்லல.

பிள்ளைகளுக்கு துஆ.

லாத்தா


விஷ்ராந்த்வாடி, புனே
2.5.2007

லாத்தாவுக்கு ஸலாம். சுகம், சுகம் அறிய ஆவல் என்று எழுதுவது வழக்கம். இந்த முறை உண்மையிலேயே ஆவல்.

முத்துப்பேட்டை இடத்தை ஆஷிக்கிடம் சொன்னேன். சிரித்தான். அவனும் ஷஃபானாவும் சிஞ்ச்வட் வரை போய் சோபா பார்த்து, முன்பணமும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள். தமிழ் சரியாக வராதவள் என்று நீங்கள் குறை சொன்ன என் மகள், "மாமிகிட்ட சொல்லுங்க வாப்பா, சோபா ரிட்டர்ன் எடுக்க மாட்டாங்க" என்கிறாள். ஆகவே அந்தச் சரக்கு இங்கே விலைபோகாது.

கரண்டு போனால் என்ன என்று கேட்டீர்கள். போகும். பக்கத்து ஓட்டலில் வடாபாவ் வாங்கிச் சாப்பிடுவார்கள். சின்னஞ்சிறுசுகள், சந்தோஷமாகச் சாப்பிடும்.

ஊரிலிருந்து மீரா லெப்பை மகன் போன வாரம் மிக்சி சரக்கெடுக்க என் கடைக்கு வந்தான். டீ வாங்கிக் கொடுத்தேன். பேச்சுவாக்கில் உங்கள் வீட்டு வெள்ளை டைல்ஸைப் பற்றிச் சொன்னான். கரி பட்டுவிடும், மஞ்சள் பட்டுவிடும் என்று சபீராவின் மாப்பிள்ளை ரொம்பக் கண்டிப்பாம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்கள் இப்போது எங்கே சமைக்கிறீர்கள், லாத்தா?

யூசுஃப்


விஷ்ராந்த்வாடி, புனே
18.6.2007

லாத்தாவுக்கு ஸலாம். போன கடிதத்துக்குப் பதில் இல்லை. தபாலில் தொலைந்திருக்கும் என்று நினைக்க நான் சின்னப்பிள்ளை இல்லை.

கல்லை வெட்டியாகிவிட்டது. மேடையை இங்கே ஓட்டா என்பார்கள். கறுப்புக் கிரானைட் ஓட்டாவில், அளவு பிசகாமல், ராஜஸ்தான்காரன் ஒருவன் தண்ணீர் விட்டு விட்டு அறுத்தான். கிரானைட்டில் போட்ட ஓட்டையை அடைக்க முடியாது. இனி அந்த இடத்தில் அந்த அடுப்புதான். மெயின் போர்டிலிருந்து தனி ஒயர் இழுக்க சொசைட்டி சேர்மனிடம் போனேன். "பாஹு, பாஹு" என்று, பார்க்கலாம் பார்க்கலாம் என்று, ஒரு மாதம் இழுத்தார். அவர் வீட்டு மிக்சி ஜாரை மாற்றிக் கொடுத்தேன். கையெழுத்து வந்தது.

அடுப்பில் பூட்டும் உண்டு. ஒரு இடத்தில் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் பூட்டிக்கொள்ளும். அப்புறம் யார் தொட்டாலும் எரியாது. பிள்ளைகளுக்காக வைத்தது. எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்று ஷஃபானாவுக்கு மட்டும் காட்டியிருக்கிறேன்.

நீங்கள் கேட்ட ஒத்தைப் பர்னருக்கும் வழி செய்துவிட்டேன். இந்த ஊர் ஃபிளாட்டுகளில் அடுப்பங்கரைக்குப் பின்னால் டிரை பால்கனி என்று ஒன்று விடுவார்கள். பாத்திரம் கழுவ, துணி காயப்போட. அங்கே ஒரு கேஸ் பர்னர் வைக்கிறேன். உங்கள் தேக்சாவுக்குத் தாராளமாக இடம் இருக்கும். மேலே பாதிக்குக் கூரை உண்டு. மழை சாய்வாக அடித்தால் நனையும்; உங்களுக்குத் தென்னமட்டை வேண்டுமானால் இங்கே கிடைக்காது, ஊரிலிருந்து கொண்டுவாருங்கள். அதுவும் வீடுதான். தெருவில் விடவில்லையே.

போன வாரம் மைமூனைக் கூட்டிப்போய்க் காட்டினேன். தண்ணீர் வைத்தேன், கண்மூடித் திறப்பதற்குள் கொதித்தது. கொதிக்கிற பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே கண்ணாடியில் கையை வைத்துப் பார்த்தாள். சுடவில்லை. டிரை பால்கனியையும் காட்டி, இது உன் மதினிக்கு என்று சொன்னேன். அவளுக்கு எல்லாம் விளங்கட்டும் என்று உங்கள் கடிதங்களையும் என் நகல்களையும் எடுத்துக் கொடுத்தேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். சோற்றைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறாள். பெண்களுக்காக ஒன்றைச் செய்யக்கூடாது.

பதில் எழுதுங்கள்.

யூசுஃப்


விஷ்ராந்த்வாடி, புனே
9.7.2007

மதினிக்கு மைமூன் எழுதுறது. ஸலாம். உங்களுக்கு நான் எழுதுற முதல் கடிதம் இது. உங்க முட்டு தேவலையா?

அவங்க உங்களுக்கு எழுதினதையெல்லாம் படிச்சேன். நீங்க எழுதினதையும் படிச்சேன். மழையில நின்னது நான். அதை வச்சு அவங்க உங்ககூட வியாபாரம் பேசிக்கிட்டு இருக்காங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கல. நனைஞ்சவ ஒருத்தி, பேரம் பேசுறது ஒருத்தரா?

நான் உங்களை மன்னிக்கல மதினி. அதைத் தெளிவா எழுதிடுறேன். நோன்பு வருது, எல்லாரும் எல்லார்கிட்டயும் பொறுத்துக்கச் சொல்லிக் கேப்பாங்க. நீங்க கேட்டு எழுதிடாதீங்க. கேட்டா நான் பொறுத்தாகணும். எனக்கு இஷ்டமில்ல.

ஹடப்சர் வீட்டுக்கு நீங்க போகக்கூடாது. கண்ணாடி அடுப்புக்கும் வேணாம், அந்த டிரை பால்கனிக்கும் வேணாம். என் மக குடித்தனம் பண்ற வீட்டுல ஒரு பொம்பளை வெளியே நின்னு பொங்கக்கூடாது. தினம் பாத்தா அவளுக்கு அது பழகிடும். அவளை அப்படி ஆக்க நான் விடமாட்டேன். உங்களுக்காக இல்ல, அவளுக்காக.

நீங்க எங்க வீட்டுக்கு வாங்க. விஷ்ராந்த்வாடிக்கு. இங்க கேஸ்தான். பின்கட்டுல இல்ல, உள்ளே, என் அடுப்பங்கரையில, என் பக்கத்துல. நான் சொல்ற கொழம்பை நீங்க ஆக்கணும். உப்பு எங்க இருக்கு, புளி எங்க இருக்குன்னு என்கிட்ட கேக்கணும். போதுமான்னு கேக்கணும். போதாதுன்னு நான் சொன்னா இன்னும் கொஞ்சம் போடணும். உங்க வீட்டுல நான் எப்படி இருந்தேனோ அப்படி என் வீட்டுல நீங்க இருக்கணும். கூரை மட்டும் உண்டு.

ஆஷிக் வாராவாரம் வந்து பாத்துட்டுப் போகட்டும். இஷ்டமிருந்தா பதில் எழுதுங்க. அவங்களுக்கு எழுத வேணாம், எனக்கு எழுதுங்க.

மைமூன்


அதிராம்பட்டினம்
14.8.2007

மைமூனுக்கு மதினி எழுதிக்கொண்டது. வ அலைக்கும் ஸலாம். முட்டு அப்படியேதான் இருக்கு. கேட்டதுக்கு நன்றி.

உன் கடிதத்தை ரொம்ப நாள் வச்சுக்கிட்டே இருந்தேன். கிழிச்சுப் போட்டுடலாம்னு ரெண்டு தடவை எடுத்தேன். நீ எழுதக்கூடாதுன்னு சொன்னதை நான் எழுதல.

உன் புருஷன் ஒண்ணு கேட்டான், எங்க சமைக்கிறீங்கன்னு. அதுக்குப் பதிலை உனக்கு எழுதுறேன். பின்கட்டுலதான். டைல்ஸ் போட்டதுலேருந்து. முதல்ல, மீன் ஆக்குறதை மட்டும் வெளியே வச்சுக்கங்க உம்மான்னாங்க. அப்புறம் தாளிக்கிறதை. அப்புறம் மாப்பிள்ளைக்கு என் கை எண்ணெய் ஆகலன்னாங்க. இப்ப எனக்கு நானே தனியாப் பொங்கிக்கிறேன். ஒரு நாள் மழை புடிச்சுக்கிச்சு, ஒரு ஓரமா வச்சுக்கிறேனேன்னு உள்ளே போனேன். சபீரா நிலைப்படியில நின்னா. சண்டைக்கெல்லாம் நிக்கல. கோபமாக்கூடப் பேசல. "அது நீங்க மாமிக்கு வச்ச இடம்தானே உம்மா"ன்னா.

நீ இங்க இருந்தப்ப அவளுக்கு எட்டு வயசு. நிலைப்படியில உக்காந்து பாடம் எழுதிக்கிட்டு இருப்பா. நான் அவ எழுதுறான்னு நினைச்சேன்.

தேக்சாவையெல்லாம் ஈயம் பூசி வாங்கி வச்சிருந்தேன். நீங்க போற எடத்துல இது ஆகாதேன்னு சொல்லி, மாப்பிள்ளை பழைய சாமான்காரனுக்குப் போட்டுட்டாரு. செம்புக்கு இப்ப நல்ல விலையாம்.

நீ சொன்ன மாதிரி வர்றேன். உங்க வீட்டுக் கொழம்புல காரம் கம்மின்னு ஆஷிக் சொல்வான். அதை இப்பவே சொல்லிடுறேன், அப்புறம் சொல்ல முடியாதில்ல.

ஷஃபானாவுக்கு என் துஆ.

ஜன்னத்துல் பிர்தௌஸ்


விஷ்ராந்த்வாடி, புனே
20.9.2007

லாத்தாவுக்கு ஸலாம். நோன்பு நல்லபடியாகப் போகிறதா? எனக்கு இங்கே நோன்பு திறக்கிற கஞ்சிகூட ருசிக்கவில்லை.

நீங்கள் மைமூனுக்கு எழுதியதை அவள் எனக்குப் படித்துக் காட்டினாள். காகிதத்தைக் கையில் கொடுக்கவில்லை, எதிரே நின்று படித்தாள். சபீரா சொன்ன இடம் வந்ததும் நிறுத்தி, என் முகத்தைப் பார்த்தாள். நான் சொல்கிறேன், லாத்தா, எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நான் கல்லை வெட்டி, ஒயர் இழுத்து, சேர்மனுக்கு ஜார் மாற்றிக் கொடுத்துச் செய்த காரியத்தை உங்கள் மகள் நிலைப்படியில் நின்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். பெரிய கெட்டிக்காரி. அவளை என் கடையில் உட்கார வைத்தால் நான் இரண்டாவது கடை திறந்துவிடுவேன்.

ஆனால் பேரத்தை முடித்தது நான் இல்லை என்பதுதான் எனக்கு எரிகிறது. ஹடப்சரில், பத்து மைல் தள்ளி, கண்ணாடிக்கு வெளியே உங்களை நிறுத்தி வைக்கலாம் என்று நான் கணக்குப் போட்டேன். இப்போது நீங்கள் என் வீட்டுக்கே வருகிறீர்கள். காலையில் கண்விழித்தால் உங்கள் முகம். மத்தியானம் உங்கள் கைச்சோறு. இது யாருக்குத் தண்டனை என்று மைமூனிடம் கேட்டேன். "ரெண்டு பேருக்கும்தான்" என்றாள். மூன்று மாதத்துக்கு அப்புறம் என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு.

சரி, அப்படியானால் என் வீட்டிலும் கேஸை எடுத்துவிட்டு இண்டக்ஷன் பதிக்கிறேன் என்றேன். "என் அடுப்புல கைவச்சுப் பாருங்க" என்றாள். இருபது வருஷத்தில் அவள் 'என் அடுப்பு' என்று சொல்லி நான் கேட்டதில்லை.

நான் இதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை. என் வீட்டுக்கு யார் வருவது என்பதில் எனக்கும் ஒரு பேச்சு உண்டு.

யூசுஃப்


அதிராம்பட்டினம்
1.10.2007

தம்பிக்கு லாத்தா எழுதிக்கொண்டது. ஸலாம். நோன்பு நல்லாப் போகுது. கஞ்சி நானே காய்ச்சிக்கிறேன், பள்ளிவாசல் கஞ்சியில தண்ணி ஜாஸ்தி.

உன் சம்மதத்தை நான் கேக்கல. உன் பொண்டாட்டி கூப்பிட்டா, நான் வர்றேன். வீடு பொம்பளைக்குத்தான், அது நம்ம ஊர் வழக்கம். நீயே முதல் கடிதத்துல எழுதியிருக்கே.

என் முகத்தைப் பாக்கப் பிடிக்கலன்னா கடைக்குச் சீக்கிரமாப் போ. நானும் உன்னைப் பாக்க ஆசைப்பட்டு வரல. உன் வாய் வாப்பா வாய், உனக்கு நியாயம்னு ஒண்ணு கெடைச்சா அதை எலும்புத் துண்டு கணக்கா கடிச்சுக்கிட்டே இருப்பே.

ஒண்ணு மட்டும் கேக்குறேன். எவ்வளவு நாளுன்னு சொல்லு. திரும்பி வர்றதுக்கு எனக்கு இங்க இடமில்ல. இருந்தாலும் நாள் தெரிஞ்சா மனசு நிக்கும்.

லாத்தா


விஷ்ராந்த்வாடி, புனே
9.10.2007

லாத்தாவுக்கு ஸலாம். பெருநாளுக்கு முன்னால் இது உங்கள் கைக்கு வர வேண்டும் என்று கூரியரில் போடுகிறேன். எல்லோரும் சுகம்.

ஹடப்சர் டிரை பால்கனியில் வைத்த பர்னரைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டேன். மைமூன் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே இனி வாஷிங் மெஷின்தான். கண்ணாடி அடுப்பு ஷஃபானாவுக்கு. பூட்டுகிற இடத்தை ஆஷிக்குக்கும் காட்டிவிட்டேன், அவனும் ஒரு நாள் சோறாக்கட்டும்.

உங்கள் விஷயத்தை நானும் மைமூனும் உட்கார்ந்து பேசினோம். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், இரண்டு இடத்தில் நான் சொன்னதையும் சேர்த்துக்கொண்டாள். முடிவானது இது.

நிக்காஹ் முடிந்த மூன்றாம் நாள் நீங்கள் ஹடப்சர் போகாமல் நேராக விஷ்ராந்த்வாடி வருகிறீர்கள். நிக்காஹுக்கு வருகிற ரயில் டிக்கெட் என் செலவு. பாத்திரம் ஒன்றும் கொண்டுவர வேண்டாம். படுக்கை ஹாலில் இல்லை, ஷஃபானாவின் அறை காலியாகிறது, அதில். காலைப் பசியாற மைமூன் செய்வாள். மத்தியானமும் ராத்திரியும் நீங்கள், அவள் சொல்கிறதை, அவள் சொல்கிற அளவில். காரம் பற்றி நீங்கள் எழுதியதை அவள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. உப்பு, புளி கேட்டுத்தான் எடுக்க வேண்டும். முதல் வாரம் மட்டும் என்று நான் சொன்னேன், இல்லை, கடைசி வரை என்றாள். அவள் இல்லாத நேரத்தில் அடுப்புப் பற்ற வைக்கலாம், ஆனால் வந்ததும் சொல்ல வேண்டும். அவள் எதற்காகவும் உங்களை வெளியே போகச் சொல்ல மாட்டாள், மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் சாப்பிட வருவார்கள், அன்றைக்கும் அதே சட்டம். ஷஃபானா முன்னால் கேட்கக் கூச்சமாக இருந்தால் மெதுவாகக் கேட்கலாம். என் பங்குக்கு, நான் உங்களோடு பேச மாட்டேன். வேண்டியதைத் துண்டுக் காகிதத்தில் எழுதிச் சாப்பாட்டு மேசையில் வைப்பேன், நீங்களும் அப்படியே வையுங்கள்.

நாள் கேட்டீர்கள். இந்த ஊரில் வீட்டு வாடகைப் பத்திரம் எதுவானாலும் பதினோரு மாதத்துக்குத்தான் எழுதுவார்கள். உங்களுக்கும் பதினோரு மாதம். முன்பணம் கிடையாது, வாடகை கிடையாது. காலம் முடிந்ததும் புதுப்பிப்பதா இல்லையா என்பது மைமூனின் இஷ்டம். அதில் நான் வாய்திறக்கக் கூடாது என்பதையும் எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

யூசுஃப்